பரணைக் காக்கும் முறை

நெசவாளர் வீட்டுப் பரணில் நூற்சிட்டமும் விழுதும் அச்சும் இருக்கின்றன. விவசாயி வீட்டுப் பரணில் விதையும் சாக்கும் இருக்கின்றன. சங்கம் கொடுத்த நூல் அங்கத்தினர் பெயரில் பற்று எழுதப்பட்டது. அதை எலி கடித்தாலும் பற்று குறைவதில்லை. ஆதலால் பரணைக் காப்பது வீட்டு வேலை மட்டுமன்று, சங்க வேலையுமாகும்.

ஓட்டு வீட்டுப் பரணுக்கு வரும் பிராணிகள் முக்கியமாக மூன்று. எலி, கஞ்சி போட்ட பாவை விரும்பிக் கடிக்கும். அணில், கூடு கட்ட நூலையும் பஞ்சையும் உருவிச் செல்லும். மரநாய் பழமும் எலியும் தின்று வாழ்வது, நூலைத் தின்பதில்லை. ஆயினும் ஓட்டை நகர்த்தி மழைநீருக்கு வழி விடும். அதன் எச்சத்தால் சரக்கு கெடும்.

விஷம் வைப்பது பலருடைய முதல் யோசனை. அது சரியன்று. விஷமுண்ட பிராணி எட்டாத இடுக்கில் செத்து நாறும். மரநாயைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலும், வழி திறந்திருக்கும்வரை ஒன்று போனால் மற்றொன்று வரும். எனவே அடைக்க வேண்டியது வழியையே. அதற்குரிய வரிசை பின்வருமாறு:

1. வழியைக் கண்டறிதல்: பகலில் பரணில் விளக்கின்றி நின்றால், வெளிச்சம் புகும் சந்துகள் தெரியும். சுவர்த்தலை, முகடு, உடைந்த ஓடு ஆகியவற்றைப் பார்க்கவும். அரை அங்குலச் சந்து எலிக்குப் போதும். கால் அங்குலம் சுண்டெலிக்குப் போதும். மாவைத் தூவி வைத்தால், காலடி பார்த்து எது வருகிறதென அறியலாம்.

2. பாலத்தை நீக்குதல்: கூரைமேல் சாய்ந்த முருங்கை, மாமரக் கிளைகளைக் கூரையிலிருந்து சுமார் 8 அடி விலகுமாறு வெட்டவும்.

3. உள்ளே குட்டி உண்டா எனப் பார்த்தல்: இது மிகவும் முக்கியம். பகலில் கீச்சொலி கேட்டால் அடைக்கக் கூடாது. குட்டி உள்ளே சாகும். தாய் ஓட்டைப் பிரிக்கும். அணில் குஞ்சுகள் சுமார் 10 வாரம் தாயை அண்டியிருக்கும். அவை தாமே வெளியேறும்வரை பொறுக்கவும்.

4. சோதித்தல்: சந்தில் வைக்கோலை லேசாகச் செருகவும். மூன்று இரவு கலையாமலிருந்தால் அவ்வழியில் நடமாட்டம் இல்லை. எலியை மட்டும் பொறி வைத்து முதலில் பிடித்துவிடவும்.

5. அடைத்தல்: துணியும் மரத்துண்டும் எலிப்பல்லுக்கு நில்லா. துத்தநாகம் பூசிய கால் அங்குலக் கம்பி வலையை ஆணியடித்து, சுவர் ஓரத்தைச் சிமெண்டால் பூசவும். காற்றுப் போக்கியை முழுதும் மூடாமல் வலை மட்டும் அடிக்கவும்.

எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். ஆகையால் சுத்தம் செய்யும்போது கையுறை அணிந்து, கழிவை நனைத்து அள்ளவும்.

இனி ஒரு வார்த்தை. நெசவாளர் தெருக்களில் சுவரோடு சுவராக வீடுகள் நிற்கின்றன. கூரையும் தொடர்ந்தே செல்கிறது. ஒருவர் மட்டும் அடைத்தால் பிராணி அடுத்த வீட்டுப் பரணுக்கு மாறும். ஆகவே, மழைக்கு முன் ஓடு மாற்றும் காலத்தில் தெரு முழுவதும் சேர்ந்து இவ்வேலையைச் செய்வது நலம். எத்தனை அடி வலை தேவையென வீடுவாரியாக அளந்து, மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் செலவும் குறையும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அளவுக் குறிப்புடன் வருவாராக.