மின்னழுத்த வேறுபாடும் மேசைக் கணினியும்

நம் நாட்டின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு, அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் அமைந்துள்ள மைசூரு ஹெப்பாள் போன்ற இடங்களுக்கு அயல்நாட்டிலிருந்து மேசைக் கணினியுடன் திரும்புவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

பழைய கணினிகள் பலவற்றின் மின்வழங்கிப் பெட்டியில், பின்புறத்தே 115, 230 எனக் குறித்த மாற்றுவிசை உண்டு. விசை 115-இல் நிற்கையில், உட்சுற்று அழுத்தத்தை இரட்டித்து ஏறத்தாழ 325 வோல்ட்டு நேர்மின்சாரம் அளிக்கும். அந்நிலையில் 230 வோல்ட்டு இணைப்பின், 650 வோல்ட்டு அளவுக்கு ஏறி மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். மாறாக, விசையை 230-இல் வைத்து 115 வோல்ட்டு அளித்தால் கணினி இயங்காது. பொதுவாகக் கேடு விளையாது.

‘100–240’ எனப் பொறித்த பெட்டிக்கு ஏற்ற செருகியே போதும். ஆயினும் திரை, அச்சுப்பொறி ஆகியவற்றின் குறிப்பையும் தனித்தனியே நோக்குக. செருகியின் வடிவத்தை மாற்றும் துணைக்கருவி மின்னழுத்தத்தை மாற்றாது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு வலியுறுத்துவார்களாக.