லேசர் செய்த கண்ணுக்கு அக்காவின் டிப்ஸ்

லாசிக் லேசர் சிகிச்சை செய்த மறுநாளே கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு படிக்க முடிந்தால், எல்லாம் ஆறிவிட்டது என்றே தோன்றும் தங்கச்சி. பார்வை சீக்கிரம் வந்துவிடும். கருவிழி ஆற மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் அசட்டையாகிவிடுகிறார்கள்.

லாசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மூடிபோலத் திறந்து, உள்ளே லேசர் பாய்ச்சி, திரும்ப மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. ஓரம் சீக்கிரம் ஒட்டினாலும் அந்த மூடிக்குப் பழைய பலம் முழுசாகத் திரும்புவதில்லை. பல வருடம் கழித்துக்கூட அடிபட்டு அது நகர்ந்தது உண்டு. ஆகவே கண்ணைக் கசக்குவதை அடியோடு விட்டுவிடு. தூக்கத்தில் கை தானாகப் போகும் என்றுதான் கண் கவசம் கொடுக்கிறார்கள். டாக்டர் சொன்ன நாள்வரை அது இல்லாமல் படுக்காதே.

பி.ஆர்.கே. என்ற இன்னொரு வகை லேசர் செய்திருந்தால் கவனிப்பு வேறு. அதில் கருவிழியின் மேல்தோலையே நீக்கிவிடுவதால் முதல் 2, 3 நாள் எரிச்சலும் கூச்சமும் கண்ணீருமாக இருக்கும். டாக்டர் மேலே வைத்துவிடும் பேண்டேஜ் லென்ஸுக்கு அடியில் புதுத் தோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து, பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் மூடிக்கொள்ளும். நடுவில் வந்து சேரும் சமயம் பார்வை கொஞ்சம் மங்கும், பயந்துவிடாதே. உறுத்துகிறதே என்று அந்த லென்ஸை நீயாகக் கழற்றாதே. புதுத் தோலும் கூடவே உரிந்துவரலாம். வெயிலில் போனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். இல்லையென்றால் கருவிழியில் வெண்மூட்டம் படியும் வாய்ப்பு கூடும்.

சொட்டு மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. கை கழுவி, கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையில் படக்கூடாது. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறு, இல்லையென்றால் முதல் மருந்து வழிந்தோடிவிடும். ஸ்டீராய்டு சொட்டை நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம், கடையில் மறுபடி வாங்கித் தொடரவும் வேண்டாம். தேவைக்கு மேல் போட்டால், வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறிவிடக்கூடும். வலி தாங்கவில்லை என்று மரத்துப்போகும் சொட்டை வீட்டில் போட்டுக்கொள்ளவே கூடாது. அது தோல் வளர்வதைத் தடுத்து, கருவிழியையே கரைத்துவிடக்கூடும்.

கருவிழி நரம்புகள் அறுபடுவதால் கண் உலர்வது பெரும்பாலானோருக்கு வருவதுதான், 6 மாதம்வரைகூட இருக்கலாம். செயற்கைக் கண்ணீரை அடிக்கடி போடவேண்டி வந்தால், பதப்படுத்தும் ரசாயனம் சேராத ஒற்றை உபயோகச் சிமிழாகக் கேட்டு வாங்கு. அந்த ரசாயனம் மேல்தோலை உறுத்தும். மின்விசிறிக்கும் ஏசிக்கும் நேரே முகம் காட்டிப் படுக்காதே. போன் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும், வேண்டுமென்றே இமைத்துக்கொள்.

பாட்டி பாசமாக விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று கொண்டுவருவார். கையைப் பிடித்து அன்பாக மறுத்துவிடு. சுத்திகரிக்காத எதுவும் ஆறாத கருவிழிக்குள் கிருமியைக் கொண்டுபோய்விடும். எண்ணெய்க் குளியல், சீயக்காய், மை, நீச்சல், தாளிக்கும் புகை, சாம்பிராணி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வண்டி ஓட்டுவது எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளி நிற்கட்டும். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வை, ஏறினால் புண் ஆறத் தாமதமாகும். முருங்கைக்கீரை, முட்டை, பப்பாளி சாப்பிடு. வைட்டமின் மாத்திரையை மட்டும் கேட்காமல் தொடங்காதே.

குறைந்து வந்த வலி திடீரென்று கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பீளை தள்ளினாலோ, தெரிந்த எழுத்து தெரியாமல் போனாலோ மறுநாள்வரை காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானாலும் உடனே கூப்பிடு. மருத்துவமனையின் அவசர எண்ணை உன் போனில் மட்டுமில்லாமல், கூட இருப்பவர் போனிலும் போட்டு வை.