அறிவியல் புனைவுத் தொடராட்டத்தில் முதல், கரு, உரி

நாடகத்தில் நடிப்போர் பிறர் எழுதிய உரையைப் பேசுவர். புதினம் படிப்போர் ஆசிரியர் அமைத்த வழியிலேயே செல்வர். இவ்விரண்டினின்றும் வேறான ஒரு கதைவகை அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் படைத்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அது. நால்வர் ஐவர் மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். 'இவ்விடத்தில் யான் இன்னது செய்வேன்' என அவர்கள் வாயால் உரைப்பதனாலேயே கதை நகரும். உலகையும் அதில் வாழும் ஏனை மாந்தரையும் தம் பொறுப்பில் கொண்டு, செயலுக்கேற்ற விளைவைக் கூறுபவர் நடுவர் எனப்படுவார். ஒரே கதை பல மாதங்கள், சில குழுக்களில் ஆண்டுகள்கூட, தொடர்ந்து ஆடப்படுமாயின் அதனைத் தொடராட்டம் எனலாம்.

இவ்வகையை விண்வெளிக்குக் கொண்டு சென்றவற்றுள் தலையாயது, மார்க் மில்லர் இயற்றி 1977இல் வெளிவந்த 'டிராவலர்'. அதன் உலகில் நிகழும் தொடராட்டங்கள் பல நூல்களாக அச்சாகியுள்ளன. அவற்றுள் ஒன்றான 'பைரட்ஸ் ஆஃப் டிரினாக்ஸ்' என்பதைச் சான்றாகக் கொண்டு, அச்சிட்ட நூலொன்றை வைத்து ஒரு குழுவை நடுவர் எங்ஙனம் நடத்துவது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. காரெத் ஹன்ரஹான் எழுதிய இத்தொகுதியை மங்கூஸ் நிறுவனம் 2017இல் பெட்டிப் பதிப்பாக வெளியிட்டது.

விதியும் வாய்ப்பும்

ஐயத்துக்கிடமான செயல் ஒன்றைப் பாத்திரம் மேற்கொள்ளும்போது இரண்டு பகடைகள் உருட்டப்படும். கூட்டுத்தொகை எட்டோ அதற்கு மேலோ வரின் செயல் கைகூடும். முப்பத்தாறு வாய்ப்புகளுள் பதினைந்தே எட்டினைத் தொடுவன. அத்தொழிலில் இரண்டு புள்ளி பயிற்சி உடையார்க்கு ஆறு விழுந்தாலே போதும். ஆகவே அவர்க்கு வாய்ப்பு இருபத்தாறாக உயர்கிறது. பயிற்சியின் மதிப்பை இத்துணை எளிமையாக விளக்கும் கணக்கு வேறொன்றைக் காண்டல் அரிது. பகடை என்றவுடன் சூது நினைவுக்கு வருதல் இயல்பே. ஈண்டுப் பணயம் என ஒன்று இல்லை. வென்றார் தோற்றார் என்ற பிரிவும் இல்லை. பகடையையே கையால் தொட விரும்பாதார், ஒன்று முதல் ஆறு வரை எழுதிய சீட்டுகளை இரு கிண்ணங்களில் இட்டு, கிண்ணத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். கணக்கு மாறாது.

நூல் தருவன

தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தமை தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிந்ததே. நிலமும் பொழுதும் முதல்; அந்நிலத்து மாவும் மரமும் உணவும் தொழிலும் பிறவும் கரு; மாந்தர் ஒழுக்கம் உரி. அகப்பாட்டுக்கு உரிய இப்பகுப்பை விண்கலக் கதைக்கு ஏற்றுவது சிலர்க்கு மிகையெனத் தோன்றலாம். ஆயினும் நடுவர் கையில் உள்ள நூலை அளந்தறிய இதனினும் சிறந்த கோல் எனக்குத் தென்படவில்லை.

'டிராவலர்' வரைபடத்தில் அறுகோணக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பார்செக், அதாவது ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. ஒவ்வோர் உலகமும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு சரத்தால் குறிக்கப்படும். முதலில் விண்துறையின் தரம். பின்னர்க் கோளின் பருமன், வளிமண்டலம், நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, ஆட்சிமுறை, சட்டக் கடுமை. ஈற்றில் தொழில்நுட்ப நிலை. மக்கள்தொகைக்கு 6 என்றிருப்பின் அங்கு வாழ்வோர் பத்து இலட்சக் கணக்கினர். 3 எனில் ஆயிரக் கணக்கினரே. முதலும் கருவும் ஒரு வரிக்குள் அடங்கிவிடும் விந்தை இது. தேர்ந்த நடுவர் அவ்வரியைக் கண்டதும், மூச்சுக் கவசமின்றி வெளியே வர இயலாத ஆயிரம் பேர் ஒரு குவிமாடத்துள் என்ன உண்பர், யாருக்கு அஞ்சுவர் என எண்ணத் தொடங்குவார்.

டிரினாக்ஸ் நூல் தரும் நிலமோ பெரிது. ஒருபால் மாந்தரின் பேரரசு. மறுபால் அரிமாவை ஒத்த அஸ்லான் இனத்தாரின் நாடு. அவ்வினத்தில் ஆடவர்க்கு நிலமே பெருமை. நிலம் வாய்க்காத இளைய மைந்தர் புதுநிலம் தேடிப் புறப்படுவர். இவ்விரு வல்லரசுகளுக்கும் நடுவே எவருக்கும் முழுதும் உரியதாகாத சிற்றுலகங்கள் சிதறிக் கிடக்கின்றன. வணிகக் கலங்கள் அவ்வழியே செல்கின்றன. அங்கே தன் கோள் பாழ்பட்ட பின்னும் வானில் மிதக்கும் அரண்மனையில் ஆட்சி செய்கிறான் டிரினாக்ஸ் அரசன் ஓலெப். அவன் ஆடுநர்க்கு ஒரு பழம்போர்க்கலத்தையும், பிறர் கலங்களைக் கொள்ளையிட இசைவு தரும் ஆணைமுறியையும் வழங்குகிறான். இழந்த அரசை மீட்டுத் தருக என்பதே அவன் வேண்டுகோள்.

செஞ்சோற்றுக்கடன்

இந்நூலின் நுட்பம் இவ்விடத்தில்தான் உள்ளது. வழக்கமான 'டிராவலர்' ஆட்டத்தில் கலம் கடனில் வாங்கப்படும். விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும், 480 மாதங்கள் செலுத்துதல் வேண்டும். தவணைதான் அங்குக் கதையை உந்தும். டிரினாக்ஸில் தவணை இல்லை. அதன் இடத்தில் செஞ்சோற்றுக்கடன் வந்து அமர்கிறது. உதவியவன் அரசன், அவன் ஏவும் தொழிலோ கொள்ளை. பிடிபடும் கலத்தில் வறிய உலகொன்றுக்குச் செல்லும் மருந்து இருப்பின் செய்வது யாது? அவ்வுலகமே நாளை தங்கள் பக்கம் நிற்கவேண்டிய உலகமாயின்?

இவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை ஆடுநர்க்கே உண்டு. ஈண்டே பல நடுவர்கள் தடுமாறுகின்றனர். நூல் முழுவதையும் ஓதியவர் அவர் ஒருவரே. அடுத்த இயலில் வரும் அரிய காட்சி அவர் கண்முன் நிற்கிறது. குழு வேறு வழியில் திரும்பினால், எப்பாடு பட்டேனும் அக்காட்சிக்கு இழுத்துச் செல்லும் ஆசை மேலிடும். பூட்டிய கதவுகள், தற்செயலாக வந்து சேரும் காவலர், எங்குச் சென்றாலும் அதே பகைவன் என அவர் கைவைக்கும் சூழ்ச்சிகள் பல. ஓரிருமுறை அது செல்லும். தம் சொல்லுக்கு விளைவில்லை எனக் கண்டுகொண்ட நாளிலிருந்து ஆடுநர் மேசைக்கு உடலால் மட்டுமே வருவர். பின்னர் அதுவும் நின்றுவிடும். தொடராட்டங்கள் பெரும்பாலும் இறுதி காணாமல் ஒழிவதற்கு நேரமின்மையைக் காரணம் காட்டுவது வழக்கம். இக்காரணத்தையும் அதனோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

உரியின் வித்து நூலில் இல்லை. பாத்திரப் படைப்பில் உள்ளது. 'டிராவலர்' பாத்திரம் ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு வாழ்வை வாழ்ந்து முடித்திருக்கும். கடற்படையை ஒத்த விண்படை, வணிகம், ஆய்வுப்பணி என நான்காண்டுப் பருவங்களாக அவ்வாழ்வு கணிக்கப்படும். 1977ஆம் ஆண்டு விதிப்படி அப்போதே பாத்திரம் இறந்துபோகவும் கூடும்! பிற்காலத்து மங்கூஸ் பதிப்பில் இறப்புக்கு மாற்றாகப் பணியிழக்கச் செய்யும் இடர் நேர்கிறது. நண்பரும் பகைவரும்கூடக் கணிப்பில் பிறக்கின்றனர். அப்பகைவரை நூலில் வரும் ஒரு வணிகக் கலத் தலைவராக வைத்துவிட்டால், கொள்ளை என்பது அந்தக் கணமே பழிவாங்கலா, நேர்மையா என்ற வினாவாக மாறிவிடும்.

செய்தியின் செலவு

நடுவர்க்கு மிக உதவும் விதி ஒன்று உண்டு. ஒரு மீனிலிருந்து மற்றொன்றுக்குக் கலம் தாவுவதற்கு, தொலைவு எதுவாயினும், ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒளியினும் விரைந்து செல்லும் தந்தியோ வானொலியோ அவ்வுலகில் இல்லை. செய்தியும் கலத்தில் ஏறியே செல்லவேண்டும். மரக்கலங்கள் மடல் சுமந்த காலத்தை ஒத்தது இந்நிலை. நான்கு தாவலுக்கு அப்பால் படைத்தளம் இருப்பின், கொள்ளைச் செய்தி அங்குச் சேர ஒரு மாதம்; படை புறப்பட்டு வர மற்றொரு மாதம். ஆகவே நடுவர் தம் கையேட்டில் நாட்குறிப்பு ஒன்று பேணுதல் இன்றியமையாதது. என்ன நிகழ்ந்தது, எந்த உலகம் அதனை எந்நாளில் கேள்வியுறும், கேட்டவர் யாது செய்வர் என மூன்று பத்தி போதும். அமர்வு முடிந்தபின் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குதல் வேண்டும். நூலின் அடுத்த இயலை மனனம் செய்வதைவிட இது பயனுடையது என்பது என் துணிபு.

ஒரு குழு ஆணைமுறியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்போர்க்கலத்திலேயே சரக்கேற்றி வணிகம் செய்யத் தலைப்படுகிறது எனக் கொள்வோம். சிற்றுலகங்கள் அவர்களை நம்பத் தொடங்குகின்றன. முன்னமே வழிக்காவல் புரியும் கொள்ளையர்க்கு அவர்கள் போட்டியாகின்றனர். நூலில் இவ்வியல் எழுதப்படவில்லை எனினும், இதற்கு வேண்டிய உலகங்களும் மாந்தரும் அதன் பக்கங்களில் காத்திருக்கின்றனர். நாட்குறிப்பின்படி மூன்று வாரம் கழித்து இச்செய்தி மிதக்கும் அரண்மனையை எட்டுகிறது. நடுவர் நூலை மூடி வைத்து, ஆடுநரின் முகம் நோக்கி, ஓலெப் அரசனின் குரலில் பேசத் தொடங்குகிறார்.