ரிம்பயர் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பலாமா?



இரண்டாம் ஆண்டு என்.சி.சி. முகாமில்தான் முதன்முதலாக .22 ரைபிள் சுட்டேன். ஐந்து ரவுண்டில் இலக்கில் பட்டது இரண்டு. அந்தக் கதை இங்கே வேண்டாம். சுட்டு முடிந்ததும் காலிக் கூடுகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாபகமாக இருக்கட்டுமே என்று நான் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கணக்கில் ஒன்று குறைந்தது. என்னால் எங்கள் வரிசை முழுவதும் வெயிலில் அரைமணி நேரம் புல்லைத் துழாவியது. கடைசியில், "சார், இங்க கெடந்துச்சு" என்று நீட்டினேன். ஹவில்தார் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலிதானே சார்? இதுல மறுபடி மருந்து போட முடியுமா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ மெக்கானிக்கல்தானேப்பா? படிச்சுப் பார்த்து நீயே சொல்லு" என்றார்.

படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூட்டின் அமைப்பு

தோட்டாவில் நான்கு பகுதிகள்: பித்தளைக் கூடு, பற்றவைக்கும் மருந்து, உந்துமருந்து, ஈயக் குண்டு. பற்றவைக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெரிய ரைபிள் தோட்டாக்கள் சென்டர்பயர் வகை. அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறிய கிண்ணம் தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் பிரைமர். பயரிங் பின் அடிப்பது அதைத்தான். சுட்ட பிறகு பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். அமெரிக்காவில் பலர் பொழுதுபோக்காகவே வீட்டில் இதைச் செய்கிறார்கள். தோட்டாவில் விலை அதிகமான பகுதி கூடுதான். அது மிஞ்சுவதால் அவர்களுக்கு லாபம்.

ரிம்பயரில் தனிக் கிண்ணம் கிடையாது. அடிவிளிம்பு மடிக்கப்பட்டு உள்ளே குழிவாக இருக்கும். மருந்து அந்தக் குழிவுக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். பயரிங் பின் விளிம்பை நசுக்கும்போது அது பற்றிக்கொள்கிறது. 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .22 ஷார்ட் இந்த வகைதான். இன்று நாம் சுடும் .22 லாங் ரைபிள் 1887-ல் வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், சென்டர்பயர் ரீஃபில் போடும் பேனா. ரிம்பயர் யூஸ் அண்ட் த்ரோ பேனா.

மூன்று தடைகள்

முதலாவது, உலோகம். கூடு 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. டீப் டிராயிங் முறையில் இழுத்துச் செய்வது. பின் அடித்து நசுங்க வேண்டும் என்பதற்காகவே விளிம்பு மெல்லியதாக இருக்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் வொர்க் ஹார்டனிங் ஆகிவிடும். அதை உள்ளிருந்து நிமிர்த்தினால் விரிசல் விட வாய்ப்புண்டு.

இப்போது ஒரு கணக்கு. .22 லாங் ரைபிளின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, அதாவது சதுர மி.மீ.க்குச் சுமார் 165 நியூட்டன். உள்விட்டம் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு 19.6 சதுர மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 3,200 நியூட்டன். முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை அந்தக் குட்டி அடிப்பாகத்தின் மேல்! விரிசல் இருந்தால் சூடான வாயு பின்பக்கமாக வரும். அங்கே இருப்பது சுடுகிறவரின் முகம்.

இரண்டாவது, பற்றவைக்கும் மருந்து. இது உரசினாலும் தட்டினாலும் வெடிக்கும். பெரும்பாலும் ஈயக் கூட்டுப்பொருள் என்பதால் நஞ்சும்கூட. தொழிற்சாலையில் அளவெடுத்து வைத்து, கூட்டைச் சுழற்றி விளிம்புக்குள் பரவச் செய்கிறார்கள். ஒரு பக்கம் குறைந்தால் தோட்டா வெடிக்காது. கூடினாலோ, சொல்லவே வேண்டாம். வீட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை இது.

மூன்றாவது, குண்டு. சென்டர்பயரில் குண்டு கூட்டின் வாய்க்குள் உட்காரும். .22 லாங் ரைபிளில் குண்டும் கூடும் வெளியே ஒரே விட்டம். குண்டின் குறுகிய அடிப்பகுதி மட்டும் உள்ளே போகும். ஆகவே அச்சு, கிரிம்ப் செய்யும் கருவி எல்லாமே தனியாக வேண்டும்.

லாபமா, நஷ்டமா?

2013-ல் அமெரிக்காவில் .22-க்குக் கடும் தட்டுப்பாடு. கடை அலமாரிகள் காலி. அந்தச் சமயத்தில் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் கருவிகளும் விற்பனைக்கு வந்தன. ஆனால் ஒரு ரவுண்டுக்கு மூன்றே நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பதுக்கு இரண்டரை மணி நேரம். கடைச் சரக்கோ தோட்டாக்களிலேயே மலிவானது. மிச்சமாவது சில காசு. பணயம் கண்ணும் விரலும்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. "நம்ம ஒர்க்ஷாப்புல லேத் இருக்கு, பிரஸ் இருக்குடா, ஒண்ணு பண்ணிப் பார்ப்போம்" என்று என் ரூம்மேட் சொன்னபோது எனக்கும் கை துறுதுறுத்தது உண்மை. மேலே போட்ட கணக்கைக் காட்டினேன். பேசாமல் படுத்துவிட்டான்.

முடிவு

நண்பர்களே, ஒரு பொருளை மறுபடி பயன்படுத்தலாமா என்பதை அதைச் செய்யும் நாளிலேயே டிசைனர் முடிவு செய்துவிடுகிறார். கழற்றி மாற்ற இடம் வைத்தாரா என்று முதலில் பாருங்கள். அவர் வைக்காத இடத்தில் நாம் ஸ்குரூடிரைவரை நுழைத்தால் அது சிக்கனம் ஆகாது. காலிக் கூட்டுக்குச் சரியான வழி உலையில் உருகி மறுபடி பித்தளையாவதுதான்.

அடுத்த முகாமில் ஹவில்தார் சாரிடம் பதிலைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப அஞ்சையும் எண்ணிக் குடு" என்றார்.

எண்ணிக் கொடுத்தேன். ஐந்தும் இருந்தன.