தென்னந்தோப்புக்குள் இருந்து சொல்கிறேன்

கிரியாட்டினின் ஏறிவிட்டது என்று ரிப்போர்ட்டும் கையுமாகப் பண்பொழிக்கு என்னைத் தேடி வரும் தம்பி தங்கைகளுக்கு, ஆறு வருஷமாக டயாலிசிஸ் கட்டிலில் படுத்து எழுகிறவன் சொல்வது இது.

1. இளநீர் வேண்டாம். ஒரு தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருமலைக்கோயில் அடிவாரத்தில் வெயில் தாங்காமல் இரண்டு இளநீர் குடித்தேன். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்திருந்தது, அடுத்தது செவ்வாய்தான். சாயங்காலம் செருப்பை மாட்டப் போனால் கால்விரல் சொன்னபடி கேட்கவில்லை, தொடை கல்லாகக் கனத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பொட்டாசியம் 6.9. ஐந்தைச் சுற்றி நிற்க வேண்டியது. 100 மில்லி இளநீரிலேயே 200 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும். நமக்கு அது ரத்தத்திலேயே தங்கும், ஏறினால் இதயத்தையே நிறுத்தும். “குளிர்ச்சிப்பா, குடி” என்று சீவி நீட்டுகிறவர் அன்பாகத்தான் நீட்டுவார். கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

2. வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது என்று பத்துப் பேர் சொல்வார்கள். அது கல் அடைப்புக்குச் சொல்லும் கைவைத்தியம். வடிகட்டும் சக்தி போன சிறுநீரகத்துக்கு அந்தச் சாறு இன்னொரு பொட்டாசியச் சுமை. கீரைச் சாறும் அப்படியே.

3. காயை வடித்துச் சமைக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் காயைப் பொடியாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டுக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார்கள். வடிகிற தண்ணீரோடு பொட்டாசியத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. முதல் மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை. பூண்டும் சீரகமும் தட்டிப்போட ஆரம்பித்த பிறகுதான் நாக்கு வழிக்கு வந்தது. புடலை, சுரை, பீர்க்கு, கோவைக்காய் நமக்குத் தோதான காய்கள். தேங்காய்ப்பால் சொதிக்கு ஆசைப்பட்டால் கல்யாண வீட்டில் ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

4. இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான் இருக்கிறது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பது அதைவிட மோசம். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். சாதா உப்போ இந்துப்போ, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள். பார்டர் கடைப் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றினால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் தாகம், தண்ணீர், இரவில் மூச்சுத்திணறல்.

5. புரதத்தைப் பார்த்துப் பயந்து வெறும் கஞ்சியாகக் குடிக்காதீர்கள். இதில்தான் நம்மாட்கள் அதிகம் தவறுகிறார்கள். புரதம் செரித்து மிஞ்சுவதுதான் யூரியா. 1960-களில் டயாலிசிஸ் எல்லோருக்கும் எட்டாதபோது, ஜியோர்தானோ, ஜியோவன்னெட்டி என்ற இத்தாலிய மருத்துவர்கள் புரதத்தை அளந்து கொடுத்தே அந்த நஞ்சின் தொல்லையைக் குறைத்தார்கள். இன்றும் டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை சொல்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ்: 1 முதல் 1.2 கிராம். ஒவ்வொரு முறையும் புரதச் சத்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. முன்பு குறைத்த பழக்கத்திலேயே இருந்து, சதை கரைந்து, கைப்பிடி தளர்ந்து போனவர்களைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்திருக்கிறேன். எனக்கு முட்டை வெள்ளைக்கரு கைகொடுத்தது, மஞ்சளில்தான் பாஸ்பரஸ்.

6. மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். செரிக்காத புரதம் பெருங்குடலில் தங்கினால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும். அதிலிருந்து இன்டாக்சில் சல்பேட், கிரெசில் சல்பேட் என்ற நஞ்சுகள் உருவாகி, ரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை டயாலிசிஸ் இயந்திரமும் எளிதில் பிரிக்காது. நார்ச்சத்துள்ள காயை விடாதீர்கள், பேதி மருந்தை டாக்டரைக் கேட்டு எடுங்கள்.

7. உடம்பு அரிக்கிறதா? பாஸ்பரஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்கெட் தின்பண்டம், கோலா இரண்டையும் நிறுத்துங்கள். பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

8. குற்றாலத்தில் சீசனுக்குப் பழக்கடைகள் வரும். எந்தப் பழத்தையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சை 2013-ல் பிரேசில் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு. ஒரு துண்டு தின்று விக்கல் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

9. என் அளவு உங்கள் அளவு இல்லை. உங்கள் டாக்டரும் உணவு ஆலோசகரும் எழுதித் தருவதுதான் உங்கள் கணக்கு. என்னைப் பார்க்க வருவதானால் செவ்வாய், வியாழன், சனி வேண்டாம். மற்ற நாளில் கடைசி மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு.