பெல்ட்டைத் தோலிலேயே போடு

அன்புள்ள தம்பிக்கு,

காயலான் கடைக்குப் போகவிருந்த ஆயில் இன்ஜினை இரும்பு விலைக்கே வாங்கி விரிஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக எழுதியிருந்தாய். படத்தையும் பார்த்தேன். ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் கனத்த பிளைவீல், ஆறு குதிரைச் சக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. லிஸ்டர் இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்தது அது. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் மூல இன்ஜினைச் செய்வதையே 1987-ல் நிறுத்திவிட்டார்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்துத் திண்ணையில் நிறுத்தட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம். தண்ணீர் இறை.

அதே இங்கிலாந்தில், ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டு வண்டிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் இன்னும் அவற்றால்தான் தங்கள் புல்லை வெட்டுகிறார்கள். நமக்குப் புல்தரை இல்லை, கிணறு இருக்கிறது. உங்கள் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் இருக்கும் நேரங்காட்டும் கல்லையே பார். இன்றும் குச்சியை வைத்தால் நிழல் எண்ணின் மேல் விழுகிறது. அது வேலை செய்வதால்தானே ஊருக்கு வந்தவர்களை முதலில் அங்கே கூட்டிப் போகிறோம்!

பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரப்பர் பெல்ட் சுலபமாகக் கிடைக்கும், ஆனாலும் தோலிலேயே போடு. தோல் பதனிடும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் சுற்றியிருக்க, நாம் வேறு எதைத் தேடுவது? ஷூவுக்குப் போகும் மெல்லிய தோல் இதற்கு ஆகாது. பட்டையில் பதனிட்ட தடித்த எருமைத் தோலாகக் கேள். முடி இருந்த பக்கம் புல்லியைத் தொடட்டும். இழுக்கும் பக்கம் கீழேயும் தளர்ந்த பக்கம் மேலேயும் வருமாறு மாட்டினால், மேல் பக்கம் தொய்ந்து புல்லியை நன்றாகக் கவ்வும். காய்ந்தால் ஆமணக்கெண்ணெய் தொட்டுத் தடவு, ஊற்றாதே.

தோலுக்கும் இந்த இன்ஜினுக்கும் உள்ள உறவு பெல்ட்டுக்கு முந்தியது. சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அந்தத் தோல் தண்ணீரில் ஊறினாலும் கெடாது என்பதால் கவலை ஏற்றத்துக்கு அதைக் கொண்டுவர முயன்றார். மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைத்த காலம் அது. ஆயில் இன்ஜின் வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கலாம் என்று சென்னை மாகாண விவசாயிகளுக்குக் காட்டியதும் அவரேதான். மாடு இழுத்த தோல் சாலையும், அந்த மாட்டை வீட்டுக்கு அனுப்பிய இன்ஜினையும் ஒரே மனிதர் கையில் எடுத்திருக்கிறார்! உன் கொட்டகைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல். 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. அதற்குப் பிறகு இன்ஜின்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி நான் செய்த தவறு ஒன்று. என் முதல் இன்ஜினைக் குளிர்விக்கக் கிணற்றுத் தண்ணீரையே விட்டேன். பாலாற்றங்கரைத் தண்ணீர் எப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியும் மண்ணுக்குள் போன உப்பு போகவில்லை. இரண்டே வருஷத்தில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழி சுண்ணாம்பு பூசியதுபோல் அடைத்து, ஹெட் வெடித்துவிட்டது. அந்த ஹெட்டைத் தூக்கி எறிய மனமில்லாமல் இன்னும் வைத்திருக்கிறேன். நீ 200 லிட்டர் டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து வை. மேலும் கீழும் குழாய் கொடுத்தால் சூடான தண்ணீர் தானே மேலேறி டிரம்முக்குப் போகும், ஆறியது கீழ்க்குழாய் வழியாகத் திரும்பும். தனியாக ஒரு பம்பு தேவையில்லை.

நாசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது டீசல் புகைபோல் பிரிய வேண்டும், கிர்ரென்று ஒரு சத்தமும் கேட்க வேண்டும். அந்தப் பீச்சலுக்கு முன்னால் விரலைக் காட்டாதே, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஸ்டார்ட் செய்யும்போது வால்வு லிவரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்று. வேகம் பிடித்ததும் லிவரை விடு. வேட்டியோ தோளில் துண்டோ வேண்டவே வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உறிஞ்சும் பம்பு 25 அடிக்கு மேல் உறிஞ்சாது என்பதால், தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றுக்குள் மேடை கட்டி இன்ஜினையே கீழே இறக்கினார்கள் நம் பெரியவர்கள். நீ அதைச் செய்யாதே. கிணற்றில் தேங்கும் புகை ஆளைக் கொன்றுவிடும். உன் கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் இருந்தால், தரைத்தொட்டியிலிருந்து தென்னைக்கு இறைத்தாலும் போதும்.

பெயர்த் தகட்டின் மேல் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள். அதிலுள்ள எண்ணை ஒரு நோட்டில் எழுதி, யாரிடம் வாங்கினாய், அவர்கள் எந்தக் கிணற்றில் ஓட்டினார்கள் என்று விசாரித்துக் குறித்து வை. அதை ஓட்டிய பெரியவர் இருந்தால் ஒருநாள் கூட்டிவந்து ஹேண்டிலை அவர் கையில் கொடு.

தை பிறந்ததும் வருகிறேன். பெல்ட்டுக்குத் தோல் நான் வாங்கி வருகிறேன். இன்ஜினையும் பம்பையும் நிலையாகப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு, இரண்டு புல்லியையும் சேர்த்துக் கயிறு சுற்றி அளந்து நீளத்தை எழுதி அனுப்பு. புல்லியின் அகலத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்