தூக்க மாத்திரையும் பெரிய நாத்தனாரும்

என் கணவருக்குப் பைபோலார். அவருக்கு மருந்து லித்தியம்; குளோனஸெபாம் துணைக்குக் கொடுத்தது. இந்த வித்தியாசம் தெரியாமல், "தூக்க மாத்திரையைக் கொடுத்தே என் தம்பிய முடக்கிப் போட்டுட்டா" என்று ஊரெல்லாம் சொன்ன பெரிய நாத்தனாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மேனியா ஏறினால் தூக்கமும் கிடையாது, அசதியும் கிடையாது. நடுராத்திரியில் பழைய முதலாளிக்குப் போன் போட்டுக் கூட்டுத்தொழில் பேசுவார். லித்தியம் வேலையைக் காட்ட ஒரு வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. அதுவரை ஆளைத் தூங்க வைத்தாக வேண்டும். தூக்கம் கெடக் கெட மேனியா இன்னும் ஏறும். அதற்குத்தான் குளோனஸெபாம் என்ற அந்தத் தூக்க மாத்திரை. கொடுத்தது தப்பு என்று யார் சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை. வந்து ஒரு ராத்திரி முழித்திருந்துவிட்டுப் பேசட்டும்.

ஆள் அடங்கியதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டும். அப்போது காட்டிய டாக்டரோ மாதாமாதம் தேதியை மட்டும் மாற்றி அதே சீட்டை எழுதினார். எதுவரைக்கும் என்று கேட்டால் எரிச்சல். மாதக்கணக்கில் ஓடியதில் உடம்பு பழகிவிட்டது. ஆகவே முதல் சீட்டிலேயே கேளுங்கள்: இது எத்தனை வாரம், எப்படிக் குறைப்பது? பதிலை எழுதியே வாங்குங்கள்.

பழகின உடம்பிலிருந்து அதை ஒரே நாளில் பிடுங்கியதுதான் எங்களைக் கவிழ்த்தது. பிடுங்கியது நான் இல்லை. அம்மன் கொடைக்கு ஊருக்குப் போன இடத்தில் நாத்தனார் அட்டையை எடுத்து ஒளித்துவைத்தார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. "பாத்தியா, நல்லாத்தான இருக்கான்" என்று என்னையே மடக்கினார். குளோனஸெபாம் அப்படித்தான், உடம்பில் பாதி குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். பிறகுதான் நடுக்கம், வியர்வை, பொட்டுத் தூக்கமில்லை. அப்புறம் வலிப்பு. ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், "எதாவது மாத்திரைய நிறுத்துனீங்களா?" என்று கேட்டார். அங்கே நின்ற கணவர் வீட்டு ஆட்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். தூங்காத ராத்திரிகளோடு மேனியாவும் திரும்பி வந்தது. மறுபடி அட்மிஷன். அடகுக்குப் போனது என் வளையல். அவர்கள் வீட்டு நகை எதுவும் இல்லை.

புது டாக்டர் முதலில் அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்து, 0.5 மில்லிகிராமிலிருந்து 0.25, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாதங்கள் எடுத்து நிறுத்தினார். தூக்கம் சரியில்லாத வாரத்தில் குறைக்கவே மாட்டார். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார் என்று நான் நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டரே முடிவெடுப்பார்.

மற்றதெல்லாம் எல்லா டாக்டரும் சொல்வதுதான். லித்தியம் ரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துப் போங்கள். மூட்டுவலிக்கென்று டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். தூக்க மாத்திரை போடும் ஆள் குடிக்கவே கூடாது, மூச்சு அடங்கிவிடும். பைக் சாவியையும் வாங்கி வையுங்கள். ராத்திரி அவசரத்துக்கு யாரையும் பிடிக்க முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை டப்பாவை மாமியார், நாத்தனார் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். சித்திரையில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுவோம். ராத்திரி தங்குவதாக இல்லை.